ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர்? செஞ்சிச் சாலையில் ஒரு பயணக் கணக்கு

சென்னையிலிருந்து திருவண்ணாமலைக்குப் புறப்படும் டூரிஸ்ட் வேன்களின் திட்டம் பெரும்பாலும் ஒரே அச்சில் இருக்கும். விடியுமுன் கிளம்பி, மேல்மருவத்தூரில் ஒரு கும்பிடு, திண்டிவனத்தில் டிபன், செஞ்சியில் "வழியில்தானே இருக்கிறது" என்று ஒரு மணி நேரம், மதியச் சாப்பாட்டுக்குத் திருவண்ணாமலை, இரவு கிரிவலம், மறுநாள் காலை வீடு. போக வர ஏறத்தாழ 400 கிலோமீட்டர். காகிதத்தில் எல்லாம் அடங்கிவிடுகிறது. செஞ்சியில் இறங்கும்போது மணி பதினொன்றாகியிருக்கும். அங்குள்ள கோட்டையின் ராஜகிரிக் குன்றில் பாறைப் படிகள் அப்போது காலை வைக்க முடியாத அளவுக்குக் கொதிக்கும். கல்யாண மகாலுக்கு முன்னால் ஒரு படம் எடுத்துக்கொண்டு கூட்டம் வண்டி ஏறிவிடும்.

2025 ஜூலையில் யுனெஸ்கோ 'மராட்டிய இராணுவ நிலப்பரப்புகள்' என்ற பெயரில் 12 கோட்டைகளை உலக மரபுச் சின்னங்களாக அறிவித்தது. அவற்றில் 11 மகாராஷ்டிரத்தில் இருப்பவை. மீதமுள்ள ஒன்று செஞ்சி. அறிவிப்புக்குப் பிறகு இந்த ஊரைத் தேடி வருபவர்கள் கூடியிருக்கிறார்கள். வேன், டெம்போ டிராவலர், சொந்தக் கார், அண்மைக் காலமாகப் படுக்கையும் அடுப்பும் பொருத்திய கேரவன் என்று வாகனங்களும் பலவிதம். இவர்கள் எல்லோருக்கும் பொதுவான கேள்வி ஒன்று உண்டு: ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம் ஓட்டலாம்? வண்டியின் திறனை வைத்துப் பதில் சொல்பவர்கள் ஒரு பக்கம், உடம்பை வைத்துச் சொல்பவர்கள் ஒரு பக்கம், பணத்தை வைத்துச் சொல்பவர்கள் இன்னொரு பக்கம். மூன்று தரப்பையும் பழைய வழிப்பயண வழக்கங்களோடு சேர்த்துப் பார்க்கலாம்.

நடந்தவர்களும் குதிரையேறியவர்களும்

செஞ்சி வழியாகக் கிருஷ்ணகிரிக்குப் போகும் சாலையில் திருவண்ணாமலைக்கு மேற்கே செங்கம் இருக்கிறது. பத்துப்பாட்டில் ஒன்றான மலைபடுகடாம் அந்தச் செங்கத்தை ஆண்ட நன்னனிடம் பரிசில் பெறப் போகும் கூத்தர்களுக்கு வழிகாட்டும் பாட்டு. பரிசிலைப் பற்றிச் சொல்வதைவிட வழியைப் பற்றித்தான் பெருங்கௌசிகனார் அதிகம் சொல்கிறார். பன்றிக்கு வைத்த கற்பொறிகள் இருக்கும் இடத்தை இருட்டில் கடக்காதீர்கள், விடிந்தபின் போங்கள் என்கிறார். பொழுது சாய்ந்தால் எந்தக் குகையில் தங்கலாம், எந்தச் சிற்றூரில் என்ன சோறு கிடைக்கும் என்றும் சொல்கிறார். இன்ன நாளில் இவ்வளவு தூரம் நடந்தாக வேண்டும் என்ற கணக்கு அதில் இல்லை. இரவை எங்கே கழிப்பது என்பதைத் தீர்மானித்துவிட்டால் பகல் நடை தானாக அமைந்துவிடும் என்பதே அந்த வழிகாட்டலின் ஒழுங்கு.

இந்த ஒழுங்கைக் கல்லிலேயே பார்க்கலாம். தர்மபுரி வட்டாரத்தில் கிடைத்த அதியமான் பெருவழிக் காதக்கல், நாவற்தாவளத்துக்கு 27 காதம் என்று அறிவிக்கிறது. எழுத்தறியாதவர்களுக்காக எண்ணைப் பெரிய குழிகளாலும் சிறிய குழிகளாலும் குறித்திருக்கிறார்கள். வணிகச் சாத்துகள் மூட்டையிறக்கித் தங்கும் ஊரே தாவளம். அந்தக் கல் தூரத்தை அளப்பது அப்படியொரு தங்குமிடத்தை நோக்கித்தான். பிற்காலத்தில் இராணி மங்கம்மாள் கட்டிய சத்திரங்களும், இரண்டாம் சரபோஜி 1802-இல் ஒரத்தநாட்டில் எழுப்பிய முத்தம்பாள் சத்திரமும் இதே தேவைக்காக வந்தவை. மாட்டு வண்டி மணிக்கு மூன்று நான்கு கிலோமீட்டர்தான் போகும். மாட்டுக்குத் தண்ணீர் காட்ட வேண்டும், தீவனம் போட வேண்டும், வெயில் தாழ வேண்டும். எவ்வளவு முயன்றாலும் ஒரு நாளுக்கு 20, 25 கிலோமீட்டர். இன்று வேனில் முக்கால் மணி நேரத்தில் கடந்துவிடும் திண்டிவனம் - செஞ்சி வழி, வண்டிக்காரருக்கு ஒரு முழுநாள் உழைப்பு.

செஞ்சியின் சொந்த வரலாற்றில் இதற்கு மிகச் சரியான எடுத்துக்காட்டு இராஜாராமின் பயணம். மராட்டிய மன்னர் சாம்பாஜி கொல்லப்பட்ட 1689-ஆம் ஆண்டில், மொகலாயரிடம் சிக்காமல் தப்ப, அவர் தம்பி இராஜாராம் செப்டம்பர் இறுதியில் பன்ஹாலாக் கோட்டையிலிருந்து மாறுவேடத்தில் கிளம்பினார். பெத்தனூர், பெங்களூர், வேலூர் வழியாக நவம்பர் தொடக்கத்தில் செஞ்சியை அடைந்தார். இன்றைய சாலைக் கணக்கில் 900 கிலோமீட்டருக்கு மேல். எடுத்துக்கொண்டது ஏறக்குறைய ஐந்து வாரம். உயிருக்குத் துரத்தல் பின்னால் இருந்தும் சராசரி ஒரு நாளுக்கு 25 கிலோமீட்டர்தான் வருகிறது. மறைந்திருக்க வேண்டிய நாள்கள், பாதுகாப்பான வீடு கிடைக்கும்வரை காத்திருந்த நாள்கள் எல்லாம் சேர்ந்ததே அந்தச் சராசரி. அவசரத்தின் உச்சத்திலும் தங்குமிடமே வேகத்தை நிர்ணயித்தது. பன்ஹாலாவும் செஞ்சியும் இன்று ஒரே யுனெஸ்கோ பட்டியலில் இருக்கின்றன.

துரத்தியவர்களின் பக்கம் இன்னும் மெதுவானது. 1664 டிசம்பரில் ஔரங்கசீப் காஷ்மீரத்துக்குக் கிளம்பியபோது உடன் சென்ற பிரெஞ்சு மருத்துவர் பெர்னியே, தில்லியிலிருந்து லாகூருக்குப் பதினைந்து நாள் வழி என்று எழுதுகிறார். பரிவாரம் அதைக் கடக்க இரண்டு மாதம் ஆனது. பேரரசருக்கு இரண்டு கூடாரத் தொகுதிகள் இருந்தன. ஒன்றில் அவர் உறங்கும்போது மற்றொன்று அடுத்த தங்குமிடத்தில் எழும்பிக்கொண்டிருக்கும். 'பேஷ்கானா' என்று அழைக்கப்பட்ட அந்த முன்கூடாரம் போய்ச் சேரும் தூரமே மறுநாளின் பயணத் தூரம்.

என்ஜின் வந்தபின்

1888-இல் பெர்த்தா பென்ஸ் தம் இரு மகன்களோடு மன்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்கு ஏறத்தாழ 106 கிலோமீட்டர் காரில் போனதுதான் மோட்டாரின் முதல் நெடும்பயணம். எரிபொருளை வழியில் ஒரு மருந்துக்கடையில் வாங்க வேண்டியிருந்தது. 1919-இல் அமெரிக்க இராணுவத்தின் லாரி வரிசை வாஷிங்டனிலிருந்து சான் பிரான்சிஸ்கோ வரை போய்ச்சேர 62 நாள் பிடித்தது. இளம் அதிகாரி ஐசன்ஹோவர் அதில் ஒருவர். ஓய்வு நாள்களையும் சேர்த்தால் சராசரி ஒரு நாளுக்கு ஏறக்குறைய 84 கிலோமீட்டர். என்ஜினுக்குக் குறையில்லை, சாலையும் பாலமும்தான் இல்லை. பிற்காலத்தில் அவர் அதிபரானபோது அமெரிக்க நெடுஞ்சாலை வலை உருவானதற்கு அந்தப் பயண அனுபவமும் ஒரு காரணம்.

சாலைகள் நேரானபின் கட்டுப்பாடு மனிதனிடம் வந்துவிட்டது. வட அமெரிக்காவில் கேரவன் ஓட்டுபவர்கள் தமக்குத் தாமே வைத்துக்கொண்ட விதி 'மூன்று மூன்று மூன்று': ஒரு நாளில் 300 மைலுக்கு மேல் வேண்டாம், பிற்பகல் 3 மணிக்குள் இடம் சேர், ஓரிடத்தில் 3 நாள் தங்கு. வயது கூடியவர்களும் குழந்தைகளோடு போகிறவர்களும் அதையே 'இரண்டு இரண்டு இரண்டு' என்று குறைத்துக்கொள்கிறார்கள். நம் ஊர்ப் பயணக் குறிப்புகளிலும் இந்த எண்கள் இப்போது உலவத் தொடங்கியிருக்கின்றன. அப்படியே இறக்கினால் ஆபத்து. 300 மைல் என்பது 480 கிலோமீட்டர். குறுக்குச் சந்திப்பே இல்லாத அமெரிக்கப் பெருவழியில் அது ஐந்து, ஆறு மணி நேரம். ஊர்களுக்குள் புகுந்து புறப்படும் தமிழ்நாட்டுச் சாலையில் அதே தூரம் ஒன்பது, பத்து மணி நேரத்தைத் தின்றுவிடும். நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அந்த விதியிலிருக்கும் மணிக்கணக்கை. ஐந்து மணி நேர ஓட்டம் நம் சாலைகளில் 200 முதல் 250 கிலோமீட்டர்.

உடம்பு எழுதும் கணக்கு

வண்டி ஓட்டுபவரின் களைப்பைப் பற்றிப் பேசினால் "எனக்குப் பழக்கம்தான்" என்ற பதில் உடனே வரும். பழக்கம் தூக்கத்தை வெல்வதில்லை. 1997-இல் டாசன், ரீட் என்ற ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 'நேச்சர்' இதழில் வெளியிட்ட சோதனை இதை எண்ணிக்கையில் காட்டியது. தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன், இரத்தத்தில் 0.05 விழுக்காடு மது இருப்பவரின் நிலைக்கு இறங்கிவிடுகிறது. 24 மணி நேரம் விழித்தால் 0.1 விழுக்காட்டுக்குச் சமம். இந்தியச் சட்டம் வாகன ஓட்டிக்கு அனுமதிக்கும் உச்சவரம்பு 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 30 மில்லிகிராம், அதாவது 0.03. நம் போலீஸ்காரர் ஊதச் சொல்லும் கருவி தூக்கக் களைப்பைக் காட்டாது என்பது மட்டுமே வித்தியாசம்.

இதைக் கிரிவலத்தோடு பொருத்திப் பாருங்கள். அதிகாலை நான்கு மணிக்கு எழுந்து சென்னையிலிருந்து காரை ஓட்டி வந்தவர், செஞ்சியில் இறங்கி ஏறி, திருவண்ணாமலையில் தரிசனம் முடித்து, பௌர்ணமி இரவில் 14 கிலோமீட்டர் நடந்து, பொழுது விடியும் நேரத்தில் மறுபடி ஸ்டியரிங்கைப் பிடிக்கிறார். விழித்து 24 மணி நேரம் ஆகிவிட்டது. அதிகாலை 2 முதல் 5 வரை உடலின் விழிப்பு இயல்பாகவே மிகத் தாழ்ந்திருக்கும். பிற்பகல் 2 முதல் 4 வரை அதைவிடச் சிறிய ஒரு சரிவு. பௌர்ணமிக்கு மறுநாள் காலையில் திருவண்ணாமலையிலிருந்து செஞ்சி வழியாகத் திண்டிவனம் நோக்கி வரும் வண்டிகளில் சக்கரத்தின் பின்னால் இருப்பவர்களுக்கு அந்த அதிகாலைச் சரிவுதான் அமைகிறது. வேன் வாடகைக்கு எடுத்தவர்கள் கொஞ்சம் கொடுத்துவைத்தவர்கள். கூட்டம் மலை சுற்றும்போது டிரைவர் வண்டிக்குள் கால் நீட்டிப் படுத்துவிடலாம். சொந்தக் காரில் வருபவருக்கு அந்த வசதி இல்லை. அவரும் பக்தர்தான், அவரும் நடந்தவர்தான்.

விபத்துப் புள்ளிவிவரம் மாலையை எச்சரிக்கிறது. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் 2022-ஆம் ஆண்டு அறிக்கைப்படி நாட்டில் 1,68,491 பேர் சாலை விபத்துகளில் இறந்தார்கள். விபத்துகளின் எண்ணிக்கையில் 64,105 என்ற கணக்கோடு தமிழ்நாடு முதலிடத்தில் நின்றது. ஒரு நாளின் மூன்று மணி நேரக் கூறுகளில் அதிக விபத்துகள் நடந்தது மாலை 6 முதல் 9 வரை. அதற்கடுத்தது பிற்பகல் 3 முதல் 6 வரை. இருள் கவியும் வேளை, வீடு திரும்பும் நெரிசல், பகல் முழுக்க ஓட்டியவரின் அசதி ஆகிய மூன்றும் அந்த நேரத்தில் ஒன்றாகக் கூடுகின்றன. பகலில் தூரத்தைக் கூட்டினால் கடைசி 60, 70 கிலோமீட்டர் சரியாக இந்த மூன்று மணி நேரத்துக்குள் போய் விழும். தூரம் குறித்த முடிவு உண்மையில் இருட்டில் ஓட்டுவதா வேண்டாமா என்ற முடிவாக ஆகிவிடுகிறது.

சட்டம் யாரைக் காக்கிறது

1961-ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் இந்தக் கேள்விக்கு நேரடியாகவே விடை வைத்திருந்தது: ஒரு நாளுக்கு 8 மணி நேர வேலை, வாரத்துக்கு 48, தொடர்ந்து 5 மணி நேரம் வேலை செய்தால் அரை மணி இடைவேளை, இடைவேளைகளையும் சேர்த்து ஒரு நாளின் பணி 12 மணி நேரத்துக்குள் முடிய வேண்டும், ஒரு நாள் வேலைக்கும் மறுநாள் வேலைக்கும் நடுவில் 9 மணி நேர ஓய்வு. நெடுந்தூரத் தடங்களுக்கும் திருவிழாக் காலத்துக்கும் 10 மணி நேரம் வரை தளர்வு தந்தது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் போக்குவரத்து வாகனங்களின் ஓட்டுநர்கள் அனைவருக்கும் இதே வரம்பைப் பொருத்தியது.

ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி லாரி, பேருந்து ஓட்டுநர்களுக்கு நாளுக்கு 9 மணி நேர ஓட்டமும், நான்கரை மணிக்கொருமுறை 45 நிமிட இடைவேளையும் என்கிறது. அமெரிக்கா சரக்கு லாரி ஓட்டுநருக்கு 14 மணி நேரப் பணிக்குள் 11 மணி நேர ஓட்டம் வரை விடுகிறது. பிரிட்டனின் நெடுஞ்சாலைக் கையேடு தனிநபர்களுக்கும் சேர்த்து இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையாவது 15 நிமிடம் நிற்கச் சொல்கிறது.

இவற்றை ஒப்பிட்டால் நம் வரம்பு தளர்ந்தது என்று சொல்ல முடியாது. குறை வேறிடத்தில். சொந்தக் கார் ஓட்டுபவருக்கும், தானே ஓட்டிக்கொள்ளும் கேரவனை வாடகைக்கு எடுப்பவருக்கும் இந்த மணிக்கணக்கு எதுவும் பொருந்தாது. கூலிக்கு ஓட்டுபவரின் களைப்பை அளக்கும் சட்டம், குடும்பத்தையே ஏற்றிக்கொண்டு ஓட்டுபவரின் களைப்பை அவரிடமே விட்டுவிடுகிறது. நடைமுறையில் வேன் டிரைவருக்கும் பெரிய பாதுகாப்பு கிடைப்பதில்லை. ஐரோப்பாவில் பெரிய வாகனங்களில் ஓட்டிய நேரத்தைப் பதிவு செய்யும் கருவி கட்டாயம். நம் ஊர் டெம்போ டிராவலரில் ஏறி எத்தனை மணி நேரம் ஓட்டினாய் என்று யாரும் கேட்பதில்லை.

வாடகை போடும் தூரம்

தமிழ்நாட்டில் ஒரு நாள் தூரத்தை உண்மையில் தீர்மானிப்பது எது என்று கேட்டால் டிராவல்ஸ் கடையின் கட்டணச் சீட்டைக் காட்டலாம். வெளியூர் வாடகைக்கு ஒரு நாளுக்குக் குறைந்தபட்சம் 250 அல்லது 300 கிலோமீட்டர் என்று கட்டும் வழக்கம் பரவலானது. 40 கிலோமீட்டர் மட்டும் ஓடினாலும் 250-க்குப் பணம். அதோடு டிரைவர் பேட்டா, டோல், பர்மிட், பார்க்கிங். இந்த ஏற்பாட்டில் செஞ்சியில் ஒரு நாள் நிறுத்துவது நஷ்டமாகத் தோன்றும். "கொடுத்த காசுக்கு இன்னும் இரண்டு கோயில் பார்த்துவிடலாம்" என்று பயணத் திட்டம் வீங்குகிறது. ஆறுபடை வீடுகளை நான்கு நாளில் முடிப்பது, நவக்கிரகத் தலங்கள் ஒன்பதையும் ஒரே பகலில் சுற்றுவது எல்லாம் இந்தக் கணக்கில் பிறந்தவை. இதன் மறுபக்கம் இரவு ஓட்டம்: "ராத்திரி ஓட்டிட்டா ரூம் செலவு மிச்சம்."

இந்தத் தரப்பைக் கேலி செய்துவிட்டுக் கடந்துவிட முடியாது. மாதச் சம்பளக் குடும்பத்துக்கு லீவு மூன்று நாள்தான் கிடைக்கும். பதினைந்து பேருக்கு லாட்ஜ் அறைகள் எடுத்தால் அந்தப் பணம் வேன் வாடகையைத் தாண்டிப் போகும். சித்திரை, வைகாசியில் பகல் ஓட்டம் குழந்தைகளை வாட்டும். இரவு அவர்கள் தூங்கிக்கொண்டே வந்துவிடுவார்கள். எல்லாம் நியாயமான காரணங்கள். ஆனால் இவற்றில் ஒன்றுகூட ஓட்டுபவரின் தூக்கத்தை விலையாகக் கேட்பதற்கான நியாயம் ஆகாது. இரவுதான் ஓட்ட வேண்டும் என்றால் பகலில் ஏழு மணி நேரம் தூங்கிய ஒருவர் வேண்டும். அல்லது இரண்டாவது டிரைவர் வேண்டும். அந்தச் செலவைச் சேர்த்துப் பார்த்தால் ரூம் செலவு மிச்சம் என்ற வாதம் பெரும்பாலும் கரைந்துபோகும்.

மலிவான வழி ஒன்றும் இருக்கிறது, நம் ஊரே கண்டுபிடித்தது. ஜமக்காளம், கேஸ் அடுப்பு, அண்டா, தண்ணீர்க் கேன், அரிசி மூட்டையோடு கிளம்பி, தோப்பில் சமைத்து, மண்டபத்தில் படுக்கும் கோயில் வேன் பயணம். கேரவன் என்ற சொல்லை நாம் சினிமா நட்சத்திரங்களோடு சேர்த்துக் கேட்கும் முன்பே அந்த வாழ்க்கையை இந்த வேன்கள் வாழ்ந்துகொண்டிருந்தன. வாடகையை நாள்கணக்கில் பேசிக் கிலோமீட்டரைத் தனியாக வைத்துக்கொண்டால், ஒரு நாள் கூடுதலாகும் செலவைச் சமையலில் மிச்சம் பிடித்துவிடலாம்.

சாலையும் நாள்காட்டியும்

கிலோமீட்டரை மணிக்கணக்காக மாற்றும் வேலை சாலையைப் பொறுத்தது. 2018-இல் மத்திய அரசு அறிவித்த உச்ச வேகங்களின்படி, எட்டுப் பேருக்கு மேல் ஏற்றும் பயணி வாகனத்துக்கு நடுவில் தடுப்புள்ள நான்குவழிச் சாலையில் 90, சாதாரணச் சாலையில் 60. காருக்கு முறையே 100, 70. இவை உச்சங்கள், சராசரி வேறு. தாம்பரத்திலிருந்து திண்டிவனம் வரை ஏறத்தாழ 95 கிலோமீட்டர் ஜி.எஸ்.டி. சாலையில் வேனின் சராசரி 50, 55 என்று வைத்துக்கொள்ளலாம். வெள்ளிக்கிழமை மாலையில் பெருங்களத்தூர், கூடுவாஞ்சேரி, பரனூர் டோல் வரிசை இவற்றைக் கடப்பதற்குள் அந்த எண் பாதியாகும். திண்டிவனத்தில் திரும்பியபின் செஞ்சிக்கு 28 கிலோமீட்டர், அங்கிருந்து திருவண்ணாமலைக்குச் சுமார் 40. இந்தப் பகுதியின் அகலப்படுத்தும் வேலை பல ஆண்டு இழுத்தது. சாலை சீரானபின்னும் நெல் மூட்டை ஏற்றிய டிராக்டர், விளக்கில்லாத மாட்டு வண்டி, ஊர்த் தெருவிலிருந்து திடீரென ஏறும் டூவீலர் எல்லாம் பாதையைப் பங்குபோடும். சராசரி 40-ஐத் தாண்டாது.

தெற்கே தஞ்சாவூர் போகிறவர்களுக்கு இன்னும் நல்ல பாடம் உண்டு. விக்கிரவாண்டி - தஞ்சாவூர் நான்குவழித் திட்டம் 165 கிலோமீட்டர். பணி முடிந்த பகுதியில் வண்டி பறக்கும், முடியாத பகுதியில் புழுதியில் ஊரும். மேப்பில் தூரம் மாறவில்லை. நேரம் ஆண்டுக்கு ஆண்டு மாறியது. சென்ற தடவை போன நேரத்தை நம்பி இந்தத் தடவை திட்டம் போடக் கூடாது என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

செஞ்சி வட்டாரத்தில் சாலையோடு பஞ்சாங்கத்தையும் பார்த்தாக வேண்டும். பௌர்ணமி என்றால் மேற்கே திருவண்ணாமலை; அமாவாசை என்றால் சுமார் 20 கிலோமீட்டரில் இருக்கும் மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலில் நள்ளிரவு ஊஞ்சல் உற்சவம். இரண்டு நாளிலும் சிறப்புப் பேருந்துகளும் வேன்களும் செஞ்சியை நிரப்பிவிடும். கார்த்திகை தீபத்தன்று வெளியூர் வண்டிகளைத் திருவண்ணாமலைக்கு வெளியே தற்காலிக நிறுத்தங்களிலேயே நிறுத்திவிடுவார்கள். வெள்ளிக்கிழமை செஞ்சியில் ஆட்டுச் சந்தை. விடியுமுன்பே வியாபாரிகளின் வண்டிகள் வந்து குவியும். தீபாவளி, ரம்ஜான், பக்ரீத்துக்கு முந்தைய சந்தை நாள்களில் கேட்கவே வேண்டாம். அந்த நாள்களில் 40 கிலோமீட்டர் 100 கிலோமீட்டருக்குச் சமம்.

கோட்டை கேட்கும் நேரம்

தூரத்தைப் பற்றிய பேச்சில் பலர் விட்டுவிடுவது, போய்ச் சேரும் இடம் கேட்கும் உழைப்பு. கும்பகோணத்துக் கோயிலைப் பார்ப்பதும் செஞ்சியைப் பார்ப்பதும் ஒன்றல்ல. ராஜகிரி சுமார் 240 மீட்டர் உயரம். படிகள் செங்குத்து, உச்சிக்கு அருகில் பாறைப் பிளவின் மேல் போட்ட பாலத்தைக் கடந்துதான் மேல்கோட்டைக்குள் நுழைய முடியும். மேலே அரங்கநாதர் கோயில், களஞ்சியம், மணிக்கூண்டு. நிதானமாக ஏறி இறங்க மூன்று மணி நேரம். சாலைக்கு வடக்கே இருக்கும் கிருஷ்ணகிரிக் குன்று தனி ஏற்றம். கோட்டை மாலை 5 மணிக்கு மூடப்படும். இந்தக் கோட்டையைப் பிடிக்க மொகலாயத் தளபதி சுல்பிகார் கானுக்கு 1690 முதல் 1698 வரை ஆனது என்பதை நினைத்தால், சுற்றிப் பார்ப்பவர் ஒரு காலைப் பொழுதைக் கொடுப்பது பெரிய விஷயமில்லை.

இதன்படி, செஞ்சியைப் பார்க்க விரும்புபவர் முந்தின நாள் மாலையிலேயே அங்கே இருக்க வேண்டும். சென்னையிலிருந்து 150, 160 கிலோமீட்டர் வந்து நிறுத்துவது குறைவாகத் தோன்றலாம். வழியில் மதுராந்தகம் ஏரி, மேல்மருவத்தூர். திண்டிவனத்துக்கும் செஞ்சிக்கும் இடைப்பட்ட வட்டாரத்தில் மேல்சித்தாமூர் சமண மடம். செஞ்சிக்குப் பக்கத்திலேயே இருபத்து நான்கு தீர்த்தங்கரர்களைச் செதுக்கிய திருநாதர்குன்று. பகல் அழகாக நிறைந்துவிடும். மறுநாள் கோட்டை திறந்ததும் ஏறி, வெயில் ஏறுமுன் இறங்கி, சாப்பிட்டு, பிற்பகல் சரிவில் ஒரு தூக்கம் போட்டு, நான்கு மணிக்குக் கிளம்பினால் இருட்டுவதற்குள் திருவண்ணாமலை. அன்றைய ஓட்டம் 40 கிலோமீட்டர். மலை ஏறிய கால்கள் பிரேக்கையும் கிளட்சையும் அதற்கு மேல் மிதிக்க வேண்டியதில்லை. விழுப்புரம் பக்கம் போகிறவர்கள் முதலாம் மகேந்திரவர்மன் மண்டகப்பட்டில் குடைந்த குகைக்கோயிலைப் பார்த்துவிட்டுப் போகலாம்.

கணக்கு போடும் முறை

எல்லாத் தரப்பையும் வைத்துப் பார்த்தால் கணக்கை மாலையிலிருந்து பின்னோக்கிப் போடுவதே சரி என்று தோன்றுகிறது. முதலில் இரவு தங்கும் இடம். அடுத்து அங்கே சேரும் நேரம்: வெளிச்சம் இருக்கும்போதே, நாலரை ஐந்து மணிக்குள். புதிய ஊரில் வண்டியை எங்கே திருப்புவது, கேபிள் எங்கே தொங்குகிறது, தண்ணீர் எங்கே பிடிப்பது என்பதெல்லாம் பகலில்தான் தெரியும். மூன்றாவதாக ஓட்டும் மணி நேரம்: குடும்பத்தோடு போனால் ஐந்து, தொழில்முறை டிரைவர் என்றாலும் எட்டுக்கு மேல் கூடாது. அதைச் சாலையின் சராசரியால் பெருக்க வேண்டும்: நான்குவழியில் 50, ஊர்ச்சாலையில் 40, மலைப்பாதையில் 20. வழியில் மலை ஏற்றமோ பெரிய கோயில் வரிசையோ இருந்தால் இரண்டு மணி நேர ஓட்டத்தைக் கழித்துவிட வேண்டும். இரண்டு மூன்று நாள் ஓட்டத்துக்கு ஒரு நாள் வண்டி நகராமல் இருக்க வேண்டும். கிடைக்கும் எண் சில நாள் 250 வரும், சில நாள் 40 வரும். இரண்டும் சரிதான். தினமும் ஒரே தூரம் என்று வைப்பதுதான் தவறு.

இந்தக் கணக்கின் முதல் வரியே தங்குமிடம் என்பதால் பொறுப்பு பயணியோடு முடிந்துவிடுவதில்லை. பிரான்சிலும் ஜெர்மனியிலும் கேரவன்காரர்கள் குறைந்த தூரம் ஓட்டக் காரணம் அவர்களுக்குப் பொறுமை அதிகம் என்பதில்லை. சிற்றூர்களிலும் தண்ணீரும் மின்சாரமும் கழிவை இறக்கும் வசதியும் உள்ள நிறுத்தங்கள் இருப்பதுதான். இந்தியாவில் கேரவன் வாகனங்களுக்கு ஏ.ஐ.எஸ். 124 என்ற தர விதி உண்டு. 2021-இல் கேரளம் கேரவன் சுற்றுலாக் கொள்கையை வகுத்தது. அதைத் தொடர்ந்து வாகமனில் கேரவன் பூங்காவும் தொடங்கப்பட்டது. தமிழ்நாடு 2023-இல் வெளியிட்ட சுற்றுலாக் கொள்கையிலும் கேரவன் சுற்றுலா இடம்பெற்றது. தேசிய நெடுஞ்சாலைகளில் 40 முதல் 60 கிலோமீட்டருக்கு ஒரு வழியோர வசதி மையம் என்பது மத்திய அரசின் திட்டம். காகிதத்தில் எதற்கும் குறையில்லை.

செஞ்சியில் இன்று இரவு தங்கும் வண்டிக்குக் கிடைப்பது லாட்ஜ் முற்றமோ, கல்யாண மண்டபத்தின் மைதானமோ, தெரிந்தவர் சொல்லி இடம் தரும் பெட்ரோல் பங்க்கோதான். திண்டிவனம் - திருவண்ணாமலை ரயில்பாதை நிறைவேறாமல் இருக்கும் வரை இந்தக் கோட்டைக்குச் சாலையைத் தவிர வழியில்லை. உலக மரபுச் சின்னம் என்ற பலகைக்கு அடுத்தபடியாக இந்த ஊருக்குத் தேவை முப்பது வண்டிகள் நிற்கும் அளவுக்கு ஒரு மைதானம், குடிநீர்க் குழாய், கழிப்பறை, விளக்கு, பிளக் பாயிண்ட், ஒரு காவலர், டிரைவர்கள் படுக்க மின்விசிறியுள்ள ஒரு கூடம். செலவு பெரிதல்ல. அது வந்தால் சென்னையிலிருந்து வரும் வேன்கள் தாமாகவே 160 கிலோமீட்டரில் நிற்கும். நகரக் கடைகளுக்கு இரவு வியாபாரமும், கோட்டைக்குக் காலைப் பார்வையாளர்களும், திருவண்ணாமலைச் சாலைக்குத் தூங்கி எழுந்த ஓட்டுநர்களும் கிடைப்பார்கள். குறைவாக ஓட்டுங்கள் என்று அறிவுரை சொல்வதைவிட நிறுத்த இடம் கொடுப்பது அதிகம் பலிக்கும்.